செனோத்தேயில் குளிக்கணும்: முட்டுவலி உள்ள அம்மாவுக்கு எது சரிவரும்?

குழித்துறைக்கரை:
டிசம்பரில் ஹூஸ்டனில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போறோம். அங்கிருந்து நாலு நாள் மெக்சிகோவின் யுகாத்தான் பக்கம். அங்கே சிச்சென் இட்சாங்கிற பழைய மாயா நகரத்தில் இருக்கிற பெரிய செனோத்தேயில் (சுண்ணாம்புப் பாறை இடிஞ்சு உண்டான, கிணறு மாதிரி இயற்கைக் குளம்) குளிக்க விடுவாங்களா? அம்மாவுக்கு 64 வயசு, முட்டுவலி, நீச்சல் தெரியாது. பையனுக்கு 9, குளத்தில் நல்லா நீந்துவான். விசா தனியா எடுக்கணுமா? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

வேளிமலை:
பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தா மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம்.

நீங்க கேக்கிறது புனித செனோத்தே. அதில் இறங்க அனுமதி கிடையாது. சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடுக்கு வடக்கே சுமார் 300 மீட்டர் நடந்து, விளிம்பில் நின்னு பாக்கலாம். குளிக்கணும்னா அங்கிருந்து 3 கிலோமீட்டரில் இக் கில்ங்கிற செனோத்தே இருக்கு. ஆனா அங்கே தண்ணி தரைமட்டத்திலிருந்து 26 மீட்டர் கீழே கிடக்கு. நம்ம மாத்தூர் தொட்டிப்பாலத்து உயரத்தில் முக்கால் பங்கு! அவ்வளவும் ஈரக் கல்படி, சவிட்டினா வழுக்கும். அம்மாவை மேலே விளிம்பிலேயே உக்கார வையுங்க, அங்கிருந்தும் முழுசா தெரியும். டூரிஸ்ட் பஸ்கள் மத்தியானம் வந்து குவியும், அதனால காலையிலேயே போயிருங்க.

பையாதோலித் ஊரை ஒட்டி ஷ்கேக்கேன், சமுலான்னு ரெண்டு செனோத்தே பக்கத்துப் பக்கத்தில். ரெண்டும் மூடின குகை, கூரையில் ஒரு ஓட்டை. நண்பகலில்தான் வெயில் கம்பு மாதிரி நேரா தண்ணியில் இறங்கும், அதுக்குத் தகுந்த மாதிரி நேரம் வையுங்க.

இன்னொண்ணு, பலர் ஏமாறுற இடம். கான்கூன் நகரம் இருக்கிற கிந்தானா ரோ மாநிலம் யுகாத்தான் மாநிலத்தை விட 1 மணி நேரம் முன்னால. கான்கூனிலிருந்து யுகாத்தானுக்குப் போகும்போது அந்த 1 மணி நேரம் கையில் கிடைக்கும், திரும்பும்போது பறிபோகும். விமானம் ஏறுற நாளில் கைக்கடிகாரத்தை நம்பாதீங்க.

முட்டம்அலை:
பையன் விஷயத்துக்கு வாறேன். கடல் தண்ணி நல்ல தண்ணியை விட 2.5 சதவீதம் போல அடர்த்தி கூடுனது. கடலில் சும்மா மிதக்கிற உடம்பு செனோத்தேயில் தாழும். குளத்துப் படித்துறை மாதிரி இடுப்பளவில் நின்னு பழகவும் முடியாது. பல இடங்களில் படி முடிஞ்ச இடமே ஆழம். இக் கிலில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மத்த இடத்திலும் கேட்டு வாங்கிப் போடுங்க. மாட்டின பிறகு ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. ஜாக்கெட் காது வரை ஏறினா அளவு பெரிசு, தண்ணியில் பையன் கீழே நழுவுவான்.

தண்ணி வருஷம் முழுக்க 24, 25 டிகிரி. நிழலில் கிடக்கிறதால நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் நடுங்கும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கரையேத்தித் துவட்டுங்க.

பக்கவாட்டில் இருட்டு வாய் தெரிஞ்சா அங்கே போகவே கூடாது. துலும் பக்கத்து சாக் அக்தூன் நீரடிக் குகை, 2018இல் அளந்த கணக்குப்படி, 347 கிலோமீட்டர். பயிற்சி எடுத்த குகை டைவர்களே சிலிண்டர் காற்றில் மூணில் ஒரு பங்கை உள்ளே போக, ஒரு பங்கை வெளியே வர, ஒரு பங்கை ஆபத்துக்குன்னு பிரிச்சுத்தான் இறங்குவாங்க. துடுப்புக் காலணி அடிவண்டலைக் கிளப்பிட்டா கண்ணு முன்னால கை தெரியாது, அதனால.

சுசீந்திரம்தெப்பம்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் செனோத்தேயைக் குளியல் இடம் என்று மட்டும் பார்க்காதீர்கள். யுகாத்தெக் மாயா மொழியின் 'த்சோனோத்' என்ற சொல்தான் ஸ்பானிய நாவில் செனோத்தே ஆனது. சிச்சென் இட்சா என்றால் 'இட்சாக்களின் கிணற்று வாய்'; இட்சாக்கள் மாயா மக்களில் ஒரு பிரிவினர். மழைக் கடவுள் சாக் குடியிருப்பது அந்த நீரில் என்பது நம்பிக்கை. 1904 முதல் எட்வர்ட் தாம்ப்சன் என்ற அமெரிக்க அகழாய்வாளர் புனித செனோத்தேயைத் தூர்வாரியபோது பச்சைக்கல், தங்கம், கோப்பால் சாம்பிராணி, மனித எலும்புகள் எல்லாம் வந்தன. முக்கடலில் ஆடி அமாவாசைத் தர்ப்பணம் கொடுக்கிற நமக்கு அந்த நீரின் பெருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாயா மக்கள் அழிந்துபோனவர்களும் அல்ல. அந்த மொழியை இன்றும் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள். பல செனோத்தேகள் கிராமப் பொதுநிலத்தில் இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் ஊருக்குப் போகும். கார்டை நம்பாமல் மெக்சிகோ பணமான பெசோவாகக் கையில் வைத்திருங்கள்.

முக்கியமாக, உடம்பில் எண்ணெய், சன்ஸ்கிரீன், கொசு மருந்து எதுவும் கூடாது. நம் குமரி மாவட்டத்தில் அழுக்கு செம்மண்ணில் வடிகட்டித்தான் கிணற்றுக்கு ஊறும். அங்கே மேல்மண் மிக மெல்லிசு, அடியில் சுண்ணாம்புப் பாறை. வடக்கு யுகாத்தானில் ஆறும் கிடையாது. நீங்கள் இறங்குகிற அதே நிலத்தடி நீர்தான் ஊர்க்காரர்களின் குடிநீர். இறங்கும் முன் ஷவரில் குளிக்கச் சொல்வது அதனால்தான்.

குழித்துறைக்கரை:
ரொம்ப நன்றி. அம்மா தேங்காயெண்ணெய் வைக்காம ஒரு நாள் இருக்க மாட்டாங்க. முந்தின நாள் வச்சா பரவாயில்லையா?

சுசீந்திரம்தெப்பம்:
முந்தின நாள் வைத்தாலும் காலையில் தண்ணீரில் படலம் விடும். முந்தின இரவே ஷாம்பூ போட்டு ரெண்டு தடவை அலசிவிடுங்கள். எண்ணெய்க் குப்பியைப் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும், தலை துவட்டிய பிறகு தேய்த்துக்கொள்ளலாம்.