ஜங்ஷனில் இறங்கி நடந்தவர்களே, மதுரையில் இன்னும் உறுத்துகிற ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

மூன்றாம் நடைமேடை:

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து விடியுமுன் இறங்கினேன். வாசலில் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு "கோயிலா?" என்று கேட்பது உங்களுக்கும் பழக்கம்தான். அன்று ஏனோ நடக்கலாம் என்று தோன்றியது. எதிரே மங்கம்மாள் சத்திரம், அதைத் தாண்டி டவுன்ஹால் ரோடு. டீக்கடைகள் தவிர மற்ற எல்லாம் பூட்டிக் கிடந்தன. மேலமாசி வீதியில் காந்தி தங்கிய வீடு இருக்கிறதல்லவா, இப்போது கதர்க் கடை, அதன் படியில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. என் தோள்பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பாண்டியன் வந்துவிட்டதா தம்பி?"

"வந்துவிட்டதம்மா."

"நிறையப் பேர் இறங்கினார்களா?"

இது என்ன கேள்வி என்று எனக்குள் ஒரு சலிப்பு. இரவெல்லாம் தூக்கமில்லை. "ஊரே இறங்கியது" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துவிட்டேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டு வேகமாகப் போகிறார். ஸ்டேஷன் பக்கமாக இல்லை, அதற்கு எதிர்த்திசையில்.

யாரையாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் ஸ்டேஷனை நோக்கித்தானே போயிருக்க வேண்டும்? யாரும் வரக்கூடாது என்று காத்திருந்தாரா? நான் வேறு பதில் சொல்லியிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பாரா? நான்கு வருடமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வடம்போக்கித் தெரு:

அது கதர்க் கடைப் படியாக இருக்காது, பக்கத்துக் கடைப் படியாக இருக்கும். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். அது போகட்டும். ஜங்ஷனிலிருந்து மேலமாசி வீதி எவ்வளவு தூரம்? ஒரு பீடி பற்றவைத்தால் அணைவதற்குள் வந்துவிடும். இதை ஊர் சுற்றிய அனுபவம் என்று எழுதுகிறார்கள். நான் தினமும் இதே வழியில் கடைக்குப் போகிறேன். மாசி வீதிகளைத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் பலகை மேல் கால் வைத்து வித்தைக்காரனைப் போல நடந்தவர்களைக் கேளுங்கள், அவர்களிடம் அனுபவம் இருக்கும்.

மானாமதுரைப் பானை:

என்னுடையது ஜங்ஷன் இல்லை, கீழ்மதுரை. பல வருடங்களுக்கு முன்பு ராமேசுவரம் பாசஞ்சரில் வந்துகொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர் "மதுரை வந்துவிட்டது" என்று பையை எடுத்தார். நானும் இறங்கிவிட்டேன். வண்டி போன பிறகுதான் தெரிந்தது, அவருக்கு வீடு அங்கே, எனக்கு இல்லை. சின்ன ஸ்டேஷன். இரண்டு நாய்கள், ஒரு வேப்பமரம்.

கால் போன போக்கில் நடந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வந்து சேர்ந்தேன். இப்போது பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் விட்டு நிறைத்து வைத்திருக்கிறார்கள், படகு கூட ஓடுகிறது. அப்போது பொட்டல். நடுவே மைய மண்டபம், அதைச் சுற்றி ஒரே நேரத்தில் நான்கைந்து கிரிக்கெட் ஆட்டங்கள். யாருடைய பந்தை யார் பிடிக்கிறார்கள் என்று பார்க்கிறவனுக்குப் புரியாது, ஆடுகிறவனுக்குப் புரியும். திருமலை நாயக்கர் மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் இப்படிக் குளமானது என்பார்கள். தோண்டும்போதுதான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்றும் சொல்வார்கள்.

எல்லைக்கோட்டில் நின்ற ஒரு பையனிடம் ஊருக்குள் போக வழி கேட்டேன். பத்து வயது இருக்கும். வாயால் சொல்லாமல் உட்கார்ந்து குச்சியால் மண்ணில் ஒரு சதுரம் போட்டான். அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் ஒன்று. நட்டநடுவில் ஒரு கல்லை வைத்து, "மீனாட்சி" என்றான். கிழக்கே தள்ளி ஒரு புள்ளி: "நாம்."

"ரயில்வே ஸ்டேஷன் எங்கே தம்பி?"

எல்லாச் சதுரங்களையும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு மேற்கே, கோடுகளுக்கு அப்பால், வெறும் மண்ணில் குச்சியைக் குத்தி, "அது ஊருக்கு வெளியே இருக்கிறது அண்ணே" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். ஜங்ஷன் ஊருக்கு வெளியேயா? அவன் முகம் சுருங்கிவிட்டது. யாரோ கூப்பிட, பந்தை எடுக்க ஓடிவிட்டான். தப்புச் சொன்னவனைப் போல ஓடினான். அதுதான் போகமாட்டேன் என்கிறது.

ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன்:

மானாமதுரைப் பானைக்கு: பையன் சொன்னதுதான் சரி. நீங்கள் சிரித்ததுதான் தப்பு.

ஸ்டேஷன் வாசலில் இருக்கும் தெருவின் பெயர் என்ன? மேல வெளி வீதி. பெயரிலேயே இருக்கிறது. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலும் அகழியும் ஊரைச் சுற்றி இருந்தன. பிளாக்பர்ன் என்ற கலெக்டர்தான் 1840களை ஒட்டி மதிலை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். இடித்துக் கொடுப்பவர்களுக்கு அந்த மனையில் இடம் என்று ஏற்பாடு. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரால் வந்தவை. விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. அதனடியில் ஜிகர்தண்டா குடிக்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எங்கள் ரயில் வந்தது 1870களில். மதில் இருந்த இடத்தைத் தாண்டித்தான் அதற்கு இடம் கிடைத்தது. மிச்சம் பார்க்க வேண்டுமானால் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மேலவாசலுக்குப் போங்கள், கோட்டை வாசலின் கல் இன்னும் இருக்கிறது. ஆகவே டவுன்ஹால் ரோட்டில் கால் வைக்கிறவன் கோட்டைக்குள் நுழைகிறான். வடம்போக்கித் தெருக்காரர் பீடிக் கணக்குச் சொல்கிறார். அந்த பீடி தூரத்தில்தான் வெளி வீதி, பெருமாள் மேஸ்திரி, மாசி என்று மூன்று காலங்களைத் தாண்டுகிறோம்.

இன்னொன்று. மாசி வீதி என்று பெயர், தேர் ஓடுவதோ சித்திரையில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தெருவின் பெயரை யாரும் மாற்றவில்லை.

என் அனுபவமா? முப்பது வருடம் வண்டி அனுப்பினேன். இறங்கி நடந்ததில்லை.

அந்த அம்மா விஷயத்தில் ஒரு யோசனை. இட்லிக் கடைக்காரராக இருப்பார். வண்டியில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று தெரிந்தால்தானே எத்தனை ஈடு ஊற்றுவது என்று முடிவு செய்ய முடியும். "ஊரே இறங்கியது" என்று நீங்கள் சொன்னதும் அடுப்பைப் பார்க்க ஓடியிருப்பார்.

தேனிப் பெண்:

2012. அந்த மின்வெட்டை மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். எங்கள் தேனி ரயிலை 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். மறுபடி ஓட 2022 ஆனது. அதனால் சென்னையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் வந்தால் இரவு தெற்கு மாரட் வீதியில் சித்தி வீட்டில் தங்கி, காலையில் ஆரப்பாளையம் போய் பஸ் பிடிப்பேன். அன்று வைகை தாமதம். வெளியே வந்தால் ஊர் முழுக்க இருட்டு. ஜெனரேட்டர் வைத்த ஓட்டல்கள் மட்டும் தீவு தீவாகத் தெரிந்தன. பழகிய வழிதானே என்று பெருமாள் மேஸ்திரி வீதியில் தெற்கே நடந்தேன்.

பின்னால் ஒரு ஆட்டோ, நடக்கிற வேகத்துக்கே வருகிறது. நான் நின்றால் நிற்கிறது. எத்தனை நேரம் பொறுப்பது? திரும்பி நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகப்பு விளக்கை அணைத்தார்.

அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரம் நான் அந்த வெளிச்சத்தில்தான் நடந்திருக்கிறேன் என்று. எனக்கு முன்னால் சாக்கடை மூடி திறந்து கிடந்ததா, கல் கிடந்ததா, எதுவும் தெரியவில்லை. கால் எடுத்து வைக்க முடியாமல் நின்றேன். இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "விளக்கைப் போடட்டுமா அம்மா?"

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் போட்டார். சித்தி வீட்டு வாசல் வரை வெளிச்சம் வந்தது. கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினால் வண்டி போயிருந்தது. முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

வடம்போக்கித் தெரு:

தேனிச் சகோதரி, நீங்கள் திட்டியதில் தப்பே இல்லை. நல்ல எண்ணம் இருந்தால் முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். பேசாமல் பின்னால் வருகிறவனை யாரென்று நினைப்பது?

தேனிப் பெண்:

சொல்லியிருந்தாலும் திட்டியிருப்பேன் அண்ணா. என் வருத்தம் திட்டியதில் இல்லை. "போடுங்கள்" என்ற ஒரு சொல் வாயில் வரவில்லையே, அதில்தான்.

சும்மா நடப்பவன்:

என் கதை சின்னது. டவுன்ஹால் ரோடு மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியைத் தொடும் இடத்தில் செருப்பு அறுந்தது. முனையில் கறுப்புக் குடையைக் கம்பத்தில் கட்டி ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார். பத்து ரூபாய். என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. "இன்னும் போணி ஆகவில்லை சார், சில்லறை இல்லை. திரும்பி இப்படித்தானே ஸ்டேஷனுக்குப் போவீர்கள், அப்போது கொடுங்கள்" என்றார். நான் மகாலிலிருந்து தெற்குவாசல் பக்கமாகச் சுற்றி வந்து வேறு வழியில் ஸ்டேஷனுக்குள் போய்விட்டேன். அவருடைய முதல் போணியே கடன்.

நடக்க விரும்புகிறவர்களுக்குச் சில சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முதலில், ஜங்ஷனில் இறங்காதீர்கள். செங்கோட்டை பாசஞ்சர் கிடைத்தால் திருப்பரங்குன்றத்தில் இறங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து கோயில் பக்கம்தான். முருகனைப் பார்த்துவிட்டு, பசுமலை, பழங்காநத்தம் என்று டி.பி.கே. ரோட்டிலேயே வந்தால் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். அது நல்லது. திடீரென்று கோபுரத்தின் முன் போய் நிற்பது, பசிக்குமுன் சாப்பிடுவதைப் போல.

மீனாட்சி கோயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடும், மாலை நான்குக்கு மேல்தான் திறக்கும். செல்போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்த பிறகு கண்டிப்பு அதிகம். அதைவிட முக்கியம்: செருப்பை எந்தக் கோபுர வாசலில் விட்டீர்கள் என்று கையில் எழுதிக்கொள்ளுங்கள். வெளிக்கோபுரம் நான்கும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், தெற்குக் கோபுரம் மட்டும் கொஞ்சம் உயரம். மேற்கே விட்டுவிட்டு வடக்கே வந்து, சித்திரை வீதிக் கல்லில் வெயிலில் வெறுங்காலோடு தத்தித் தத்தி ஓடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் நானும் ஒருவன், இரண்டு முறை.

கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் தையல்காரர்களைத் தேடாதீர்கள், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. வடக்கு வெளி வீதிப் பக்கம் போனால் சேதுபதி பள்ளியைப் பாருங்கள், 1904இல் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த இடம். மேலமாசி வீதி வீட்டில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். மாடிக்குப் போய்ப் பார்க்காமல் கீழே துண்டு வாங்கிக்கொண்டு மட்டும் வராதீர்கள். தாகம் எடுத்தால் பருத்திப்பால். ஜிகர்தண்டா குடித்தபின் நடக்க முடியாது, தூக்கம்தான் வரும்.

ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன்:

இவ்வளவு எழுதியவர் பத்து ரூபாயைக் கொடுத்தாரா என்று எழுதவில்லை.

சும்மா நடப்பவன்:

அடுத்த வருடம் போனேன். அந்த முனையில் தடுப்பு வைத்துத் தோண்டியிருந்தார்கள். குடை இல்லை. கோயில் உண்டியலில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். மீனாட்சிக்கா நான் கடன்பட்டேன் என்று போடவில்லை.

மூன்றாம் நடைமேடை:

இட்லி என்று படித்ததும் முதலில் கோபம் வந்தது. நான்கு வருடமாக என்னென்னவோ நினைத்திருக்கிறேன். பிறகு அந்த மஞ்சள் பை நினைவுக்கு வந்தது. அதிலிருந்து வாழை இலை நுனி எட்டிப் பார்த்தது. அன்றே பார்த்தேன், ஆனால் இப்போதுதான் கண்ணில் படுகிறது. அப்படியே இருந்தாலும், "ஊரே இறங்கியது" என்று பொய் சொன்னேன். அன்று வண்டியில் கூட்டம் குறைவு. எத்தனை ஈடு வீணாகப் போனதோ.

வடம்போக்கித் தெரு:

சும்மா நடப்பவருக்கு. நேற்று கடையைப் பூட்டிவிட்டு அந்த வழியாகத்தான் வந்தேன். குடை முனையிலிருந்து நாலு கடை தள்ளி வடக்கே போயிருக்கிறது, ஆள் அவரேதான். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். பத்து ரூபாயை நானே கொடுத்திருப்பேன், கையைக் கூட பையில் விட்டேன். கொடுக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு வருகிறார், ஞாயிறு கிடையாது. சில்லறையாகக் கொண்டுவாருங்கள்.