சுங்க வரியைக் குறைத்தால் சிறிய நாட்டின் தொழில்கள் நிலைக்குமா?

தராசு: உலகமயமாக்கல் சிறிய நாடுகளின் தொழில்களை அழித்துவிடுகிறது என்னும் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மக்கள்தொகை பத்துப் பன்னிரண்டு இலட்சத்தைத் தாண்டாத நாட்டில் ஓர் ஆலை முழுத் திறனுடன் இயங்கினால், அதன் சரக்கு முழுவதையும் வாங்க அங்கே ஆள் இருப்பதில்லை. கரும்பையே நம்பியிருந்த மொரீசியஸ் 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டத்தை இயற்றி, ஏற்றுமதி ஆலைகளுக்கான மூலப்பொருள்களுக்கு வரிவிலக்கு அளித்த பின்னரே அங்கு ஆடைத் தொழில் பெருகியது. பெண்கள் பெருமளவில் ஊதிய வேலைக்கு வந்தனர்.

கரைவலை: இந்த விவாதம் எங்கு நடந்தாலும் மொரீசியஸைக் காட்டுகிறார்கள், ஹெய்ட்டியைக் காட்டுவோர் குறைவு. அங்கு 1995இல் அரிசி இறக்குமதி வரி 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசியோடு போட்டியிட முடியாமல் உள்ளூர் உழவர்கள் பின்வாங்கியபோது, அவர்களின் நெல்லை நம்பியிருந்த அரவை ஆலைகளுக்கும் சில்லறை வணிகர்களுக்கும் பிழைப்பு போயிற்று. அக்கொள்கை தவறானது என்று, வரிக்குறைப்பின்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனே 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். திறமையுள்ளவர் பிழைப்பார் என்னும் விதி, ஒரு தரப்புக்கு மட்டும் கருவூலம் துணை நிற்கும் இடத்தில் எப்படிப் பொருந்தும்?

தராசு: வரிக்குறைப்பை மட்டும் குற்றவாளியாக்குவது சரியன்று. 1991 இராணுவக் கவிழ்ப்புக்குப் பின் வந்த வணிகத் தடையும், பராமரிப்பற்ற பாசனமும் சாலைகளும் அந்த உழவர்களை முன்பே தளர்த்தியிருந்தன. நகர்ப்புற ஏழைக்கு அரிசி மலிவாகக் கிடைத்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரைவலை: அந்த மலிவு நீடிக்கவில்லை. 2008இல் உலகச் சந்தையில் விலை ஏறியபோது அதே நகர்ப்புற ஏழைகள்தாம் தெருவில் இறங்கினர். பிரதமர் பதவி இழந்தார். மொரீசியஸும் நீங்கள் சொல்லும் அளவுக்குத் திறந்துவிடவில்லை. மண்டலத்துக்கு வெளியே உயர்ந்த இறக்குமதி வரிகளை நெடுங்காலம் வைத்திருந்தது. ஐரோப்பிய நாடுகளோடு செய்துகொண்ட 1975இன் லோமே வணிக உடன்படிக்கையால் அதன் சர்க்கரைக்கு ஐரோப்பாவில் உறுதியான விலை கிடைத்தது. அந்த இலாபத்தின் ஒரு பகுதிதான் ஆலைகளில் முதலீடாயிற்று. ஹாங்காங் நிறுவனங்களை அங்கே ஈர்த்தவற்றுள், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் வரையறுத்த நாடுவாரி ஒதுக்கீடு முக்கியமானது; தம் நாட்டு ஒதுக்கீட்டுக்கு மேல் விற்க அவற்றுக்கு வேறு நாடு தேவைப்பட்டது. அந்த ஏற்பாடு 2005 தொடக்கத்தில் முடிவுற்ற காலத்தில் பலர் வெளியேறினர். நீங்கள் புகழ்வது பாதுகாப்பின் நிழலில் வளர்ந்த ஏற்றுமதியை.

படிக்கல்: இருவரும் சுங்க வரியிலேயே நிற்கிறீர்கள். சிறு ஏற்றுமதியாளரை முடக்குவது பெரும்பாலும் நிலையான செலவுதான். ஆய்வகச் சோதனை, தரச் சான்று, முகவர் கட்டணம் ஆகியவை ஒரு கொள்கலன் அனுப்புபவருக்கும் நூறு அனுப்புபவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. வரி பூச்சியமானாலும் அவர் வெளியே வர இயலாது. வெளியாரின் சரக்கோ உள்ளே வந்துவிடும்.

தராசு: அதற்கு மருந்து, பல சிறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரே சான்றின்கீழ் விற்பதும், அரசு பொது ஆய்வகம் அமைப்பதும்தான், எல்லையை மூடுவது அன்று. கரைவலை சொல்லும் பாதுகாப்பை நான் அடியோடு மறுக்கவில்லை, ஆனால் அது எந்த ஆண்டில் முடியும் என்று தொடக்கத்திலேயே சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

கரைவலை: எழுதலாம். எதிர்த்தரப்பின் மானியம் முடியும் ஆண்டும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெறுமானால்.