தொற்றுக் காலத்திலை காட்டை நம்பி வாழுற சனத்துக்கு எந்தச் சட்டம் கைகொடுக்கும்?

காட்டுக்கரை:
இலங்கையின் வன்னியிலை நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் தேன், பாலைப்பழம், வீரப்பழம், விறகு எண்டு காட்டிலை சீவிக்கிற குடும்பங்களுக்காக ஒரு மனு எழுதுறம். 2020 மார்ச் 20 ஊரடங்கு வந்தாப்பிறகு கமத்துக்கும் கடற்தொழிலுக்கும் விலக்கு இருந்தது. தேனெடுக்கப் போறவர் எந்தக் கணக்கு? இன்னொரு தொற்று வந்தால் பழங்குடிகளுக்கான சர்வதேசச் சட்டத்தைக் காட்டி உரிமை கேக்கலாமோ?

புங்கமரம்:
கேக்கலாம், ஆனால் அதை முதல் வாதமா வைக்காதேங்கோ. ஐ.நா.வின் 2007 பழங்குடி உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவா வாக்களிச்சது. எண்டாலும் அது பிரகடனம்தான், அதை மட்டும் கொண்டு இஞ்சை வழக்காடேலாது. நாடுகளைக் கட்டுப்படுத்துற 169ஆம் இலக்க சர்வதேசத் தொழிலாளர் சமவாயத்திலை இலங்கை சேரேல்லை. இலங்கையின் பழங்குடியான வேடருக்கே தனிச்சட்டம் இல்லாத நாடு இது. உங்கடை ஆக்கள் தங்களை வேடர் எண்டு சொல்லாட்டி அந்தப் பேரை மனுவிலை ஏத்தவே வேண்டாம். எதிர்த்தரப்பு முதல் அதிலைதான் பிடிக்கும்.

அரசியலமைப்பின் 12(1) சமத்துவம்தான் உங்கடை பலமான இடம்: கமக்காரருக்குக் குடுத்த விலக்கு, அதேமாதிரி வெளியிலை தனிச்சு வேலை செய்யிற தேனெடுப்பவருக்கு ஏன் இல்லை? தொழில் செய்யிற சுதந்திரம் 14(1)இலை இருக்கு. ஆனால் பொதுச் சுகாதாரத்துக்காக அதைச் சட்டத்தாலை மட்டுப்படுத்தலாம் எண்டு 15(7) சொல்லுது. "சட்டத்தாலை" எண்ட சொல்லைப் பிடியுங்கோ. 2020 ஊரடங்குக்கு எந்தச் சட்டம் அடிப்படை எண்டு சட்டத்தரணிகள் அப்பவே கேட்டவை.

பெரும்பாலும் மனு தவறிப்போறது தவணையிலை, அதாவது மனுப் போடுற கால எல்லையிலை. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள்ளை மனித உரிமைகள் ஆணைக்குழுவிலை முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் கணக்கிலை வராது (1996இன் 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13). முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை நிலுவையிலை இருக்கெண்டு ஆணைக்குழுவிட்டைக் கடிதம் வாங்கி வையுங்கோ, உயர் நீதிமன்றம் அதைக் கேக்கும். 2021இன் 17ஆம் இலக்கக் கொவிட் சட்டம் தவறின தவணைகளுக்கு இடம் குடுத்தது, ஆனால் அது தற்காலிகச் சட்டம். அடுத்தமுறை அதை நம்பி இருக்கேலாது.

வரம்போரம்:
அதுக்கு முதல், உங்கடை ஆக்கள் போற காட்டுத்துண்டு யாற்றை கையிலை எண்டு பாருங்கோ. ஒதுக்கக் காடு, ஏனைய அரச காடு (ஒதுக்கமா அறிவிக்காதது) எண்டால் 1907 வனக் கட்டளைச் சட்டத்தின்ரை கீழ் வனத் திணைக்களம். சரணாலயம், தேசியப் பூங்கா எண்டால் வனஜீவராசிகள் திணைக்களம். ஒண்டிட்டை எடுத்த அனுமதி மற்றதுக்குச் செல்லாது. தொற்றுக்கு நடுவிலை, 2020 நவம்பரிலை, ஏனைய அரச காடுகளை வனத் திணைக்களத்தின்ரை கீழ் வைச்ச 5/2001 சுற்றறிக்கையை நீக்கி அவற்றைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்மாரிட்டைக் குடுக்கப் புதுச் சுற்றறிக்கை வந்தது. அதாலை வாயாலை விசாரிச்சு விடாதேங்கோ. தகவல் உரிமைச் சட்டப்படி ஆர்டிஐ 01 படிவத்திலை, கிராம அலுவலர் பிரிவையும் வரைபடத்தையும் வைச்சு எழுத்திலை கேளுங்கோ. விண்ணப்பத்துக்குக் காசில்லை, 14 வேலை நாளுக்குள்ளை பதில் வரவேணும். வராட்டி 14 நாளுக்குள்ளை குறித்தளிக்கப்பட்ட அலுவலரிட்டை மேன்முறையீடு.

காட்டுக்குப் போக அனுமதி மறுத்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு ஓடாதேங்கோ. அரச காணி விசயத்திலை அதுக்கு எழுத்தாணை (அரச அதிகாரியின்ரை முடிவை நீக்கிற மாதிரியான கட்டளை) குடுக்கிற அதிகாரம் இல்லையெண்டு 2013இலை உயர் நீதிமன்றம் தீர்த்துப்போட்டுது. கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். 2020இலை றம்பக்கன் ஓயாக் காட்டைச் சோளச் செய்கைக்கு வெட்டி வெளியாக்கினதுக்கு எதிரா வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ போனதும் அங்கைதான், ஒரு சூழல் அமைப்போடை சேர்ந்து. காட்டைப் பாவிக்கிற ஆள் தானே மனுதாரரா நிண்டால் "உமக்கு என்ன பாதிப்பு?" எண்ட கேள்விக்கு இடமில்லை.

கச்சான்:
மனுவிலை எழுத ஒரு முன்மாதிரி இருக்கு. இந்தியாவிலை 2020 ஏப்ரல் 16 உத்தரவிலை பழங்குடிகளும் காட்டுவாசிகளும் சிறு வனப்பொருள் சேகரிக்கிறதுக்கு முடக்கத்திலையிருந்து விலக்கு குடுத்தவை. மே 1இலை 49 பொருளுக்கு ஆதார விலையையும் கூட்டினவை. இரண்டையும் கேளுங்கோ. காட்டுக்குப் போக விட்டாலும் சந்தை பூட்டிக் கிடந்தால் தேன் போத்தலிலைதான் இருக்கும். பாலைப்பழமோ இரண்டு நாளிலை புளிச்சுப்போகும்.

தொற்றுக் காலத்திலை அரசு குடுத்த 5000 ரூபாய் கொடுப்பனவையும் விடாதேங்கோ. 2020 ஏப்ரல், மேயிலை அது சமுர்த்தி (அரச நலன்புரித் திட்டம்), கிராம அலுவலர் பட்டியல் வழியா வந்தது. மீள்குடியேறி வேற பிரிவிலை இருந்துகொண்டு பழைய பிரிவிலை பதிவு வைச்சிருக்கிறவைக்கு இதாலை சிக்கல். பதிவை இப்பவே மாத்துங்கோ. தொழில் எண்ட இடத்திலை "கூலி" எண்டு விடாமல் "வனப்பொருள் சேகரிப்பு" எண்டு எழுதச் சொல்லுங்கோ.