தொல்லியலில் ‘கான்டெக்ஸ்ட்’: ‘கிடக்கை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மானிடவியலும் தொல்லியலும் சேர்ந்த முதலாண்டு அறிமுகப் பாடத்துக்கான சொற்பட்டியலில் மண்ணடுக்கு, முதுமக்கள் தாழி, உறைகிணறு போன்றவற்றில் நமக்குள் வேறுபாடே எழவில்லை. ஒரு பொருள் மண்ணில் கிடந்த நிலையைக் குறிக்கும் ‘கான்டெக்ஸ்ட்’ (context) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடானது ஒன்றுதான் முடிவுக்கு வராமல் நிற்கிறது. ‘சூழல்’ என்றே வைத்துக்கொள்ளலாம், புதுச் சொல் எதற்கு என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய தயக்கம் நியாயமானதே. ஆனாலும், வகுப்பில் அந்தச் சொல் என்ன செய்கிறது என்பதைப் பார்த்த பிறகு என்னால் அதற்கு உடன்பட இயலவில்லை.

அகழாய்வுக் குழியில் கிடைத்த பானையோட்டின் சூழலைப் பதிவு செய்வது ஏன் இன்றியமையாதது என்று ஒரு தேர்வில் கேட்டிருந்தேன். ஒரு மாணவர் ஆற்றின் போக்கு, பனைமரங்கள், மழையளவு, மண்ணின் வளம் என அரைப்பக்கம் ஒழுங்காக எழுதியிருந்தார். பிழை அவருடையது அன்று. சுற்றுச்சூழல், சூழலியல் என்று பள்ளியிலிருந்தே படித்து வந்தவருக்கு, ‘சூழல்’ என்றவுடன் வேறு எது நினைவுக்கு வரும்? பழங்காலத் தட்பவெப்பத்தையும் தாவரங்களையும் ஆராயும் பிரிவு தொல்லியலிலேயே இருப்பதால், ‘சூழல்’ என்ற சொல் அங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் பாடம் குழம்பிவிடும்.

நாம் பெயரிட வேண்டிய பொருளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மண்ணில் பாதி புதைந்து, உட்புறம் கீழே கவிழ்ந்தபடி ஒரு கருப்பு சிவப்புப் பானையோடு தெரிகிறது. அதன் இடப்பக்கம் ஒரு விரல் தொலைவில் கரித்துண்டு. கீழே சாம்பல் கலந்த மண், மேலே செம்மண். ஓட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே அதன் ஆழம், அடுக்கு, கிடந்த வாட்டம், அண்டையில் கிடந்தவை ஆகிய எல்லாவற்றையும் அளந்து, வரைந்து, படமெடுத்தாக வேண்டும். ஏனெனில் எடுத்த பிறகு அதை மறுபடி அங்கே வைத்துப் பார்க்க எவராலும் முடியாது. இந்த முழு நிலைக்குத்தான் ‘கான்டெக்ஸ்ட்’ என்று பெயர்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிம மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்றும், 200 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 205-ஐச் சேர்ந்தது என்றும் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆய்வுக்கூடம் காலம் கணித்தது கரிக்கு, பானையோட்டுக்கு அன்று. கரியின் காலத்தை ஓட்டுக்கும் உரியதாகக் கொள்ளும் உரிமையை நமக்குத் தருவது அவ்விரண்டும் மண்ணில் கிடந்த நிலை ஒன்றே. 1945-இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் செய்ததும் இதுதான். இத்தாலியில் செய்யப்பட்டு, காலம் முன்பே அறியப்பட்டிருந்த அரிட்டைன் மட்கலத் துண்டுகளோடு சேர்ந்து கிடந்தமையால், உட்புறம் சிறு புள்ளி வரிசைகள் பதித்த ரௌலட்டட் மட்கலத்துக்கு அவரால் காலம் குறிக்க முடிந்தது. மாறாக, கரூரில் அமராவதி ஆற்று மணலில் பொறுக்கப்பட்ட நாணயங்களில் எழுத்து தெளிவாக இருந்தாலும், அவை எந்த அடுக்கில் எவற்றோடு கிடந்தன என்று கேட்டால் விடை இல்லை.

மேலே எழுதும்போது ‘கிடந்த’ என்ற சொல் தானாகவே திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்திருப்பீர்கள். குழியில் வேலை செய்பவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். அந்த வினையிலிருந்தே பெயரை எடுக்கலாம் என்பது என் கருத்து. ‘கிடப்பு’ என்றால் கோப்பைக் கிடப்பில் போட்ட நினைவு வருகிறது. ‘கிடை’ என்றால் வயலில் ஆட்டுக்கிடை போடுவது நினைவுக்கு வருகிறது. வைகைக் கரை ஊர்களில் வழங்கும் அந்தச் சொல்லை நாம் பறிக்கக் கூடாது. ‘கிடக்கை’ பழைய சொல், ஆயினும் எவருக்கும் புரியும். புறநானூற்றின் 19-ஆம் பாடலில் ‘ஈண்டு அகன் கிடக்கை’ என்று பரந்த நிலத்தையே அது குறிக்கிறது. கிடத்தல், நிலம் ஆகிய இரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது நமக்கு வாய்ப்பாகவே தோன்றுகிறது. அரிக்கமேட்டு எடுத்துக்காட்டில் உள்ளதை ‘உடன்கிடக்கை’ என்றும், அமராவதி நாணயங்களைக் ‘கிடக்கை அறியப்படாதவை’ என்றும் சொல்லிவிடலாம். பதிவேட்டில் ‘கிடக்கை எண் 14’ என்று எழுதுவதற்கும் சொல் இடம் தருகிறது.

அகழாய்வில் சுவர், குழி போன்றவற்றையும் தனித்தனிக் ‘கான்டெக்ஸ்ட்’ என்றே பதிவு செய்கிறோம்; அவை எப்படிக் ‘கிடக்கும்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று நாள்தோறும் சொல்கிறோமே. தரையில் படுத்திருப்பதை மட்டுமா அந்த வினை குறிக்கிறது?

மானிடவியல் பகுதிக்கு இச்சொல்லைக் கொண்டுபோக வேண்டாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சடங்கையோ உறவுமுறைச் சொல்லையோ அது வழங்கும் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கும்போது ‘சூழமைவு’ என்பதே பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கிறதே, மாணவர்கள் பிறகு ஆங்கில நூல் படிக்கும்போது தடுமாற மாட்டார்களா என்று கேட்கலாம். இரண்டு கருத்துகளையும் தனித்தனியே புரிந்துகொண்ட மாணவர் அந்த ஒரு சொல் எங்கே எதைக் குறிக்கிறது என்று எளிதில் கண்டுகொள்வார். குழப்பத்தோடு போகிறவருக்குத்தான் அங்கேயும் குழப்பம் தொடரும்.

எனக்கு இன்னும் முடிவாகாத இடம் ஒன்று உண்டு. எலிவளையாலோ ஏர் உழுததாலோ குலைந்துபோனதைக் ‘கலைந்த கிடக்கை’ என்பேன். ஆனால் வெள்ளம் ஓரிடத்திலிருந்து அடித்துவந்து வேறோரிடத்தில் படியவைத்த பொருளின் நிலை அதனின்று வேறு. அதற்கு ‘மறுகிடக்கை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘மறு’ என்பது மீண்டும் அதே இடத்தில் கிடப்பதாகப் பொருள்பட்டுவிடுமோ என்ற ஐயம் தீரவில்லை. ‘பெயர்ந்த கிடக்கை’ அதைவிடத் தெளிவாக இருக்குமா என்று அகழாய்வுக் களத்தில் பழகியவர்கள் சொன்னால், பட்டியலின் அந்த வரியை நிரப்பிவிடுவேன்.