மறு: அக்வாபோனிக்ஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்து நண்பர் தன் வீட்டுக் கொல்லையில் அக்வாபோனிக்ஸுக்கு, அதாவது மீன்தொட்டித் தண்ணீரில் செடி வளர்க்கும் முறைக்கு, தொட்டி கட்டப் போவதாகவும், ஊர்க்காரர்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை தமிழில் எழுத வேண்டும் என்றும் சொல்லித் தொடங்கிய இழை இது. இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிட்டு, என்னுடையதையும் வைக்கிறேன்.

> அக்வா என்றால் நீர், போனிக்ஸ் என்றால் வளர்ப்பு. 'நீர்வளர்ப்பு' போதுமே?

போனிக்ஸ் என்பது வளர்ப்பு இல்லை ஐயா. 'போனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உழைப்பு என்று பொருள். மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்த்துக் காட்டிய கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்து கெரிக்கி, 1937ல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை அச்சில் ஏற்றினார். பிற்பாடு அதன் வாலை வெட்டி, மீன் முதலியவற்றை வளர்ப்பதைக் குறிக்கும் அக்வாகல்ச்சரின் தலையில் ஒட்டியதுதான் அக்வாபோனிக்ஸ். அந்தப் பெயரில் தண்ணீர் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, மீனையே காணோம். பகுதி பகுதியாகப் பெயர்த்தால் அந்த ஓட்டை நமக்கும் வந்து சேரும். சொல்லை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

வேலை இதுதான். மீனுக்குத் தீனி போடுகிறோம். அது தின்று கழிப்பதில் அம்மோனியா வருகிறது. செவுள் வழியாகவும் வெளியேறுகிறது. தேங்கினால் மீனுக்கே நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்கிறது. தெளிந்த தண்ணீர் மறுபடி மீன்தொட்டிக்குப் போகிறது.

> தண்ணீர் சுற்றி வருவதுதான் முக்கியம். 'சுழல்நீர் வேளாண்மை' எனலாம்.

எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது. ஆனால் சுழல் என்ற சொல்லுக்கு வேறு சொந்தக்காரர் இருக்கிறார். செடியே இல்லாமல், வடிகட்டி மட்டும் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டு மீன் வளர்ப்பவர்கள் உண்டு. பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020ல் வந்த பிறகு பயோஃப்ளாக்கோடு (தொட்டியிலேயே நுண்ணுயிர்த் திரளைப் பெருக்கி மீன் வளர்க்கும் முறை) சேர்ந்து இதுவும் அடிபடுகிறது. 'மீள்சுழற்சி முறை மீன்வளர்ப்பு' என்று எழுதுகிறார்கள். துண்டறிக்கை படிப்பவர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவார். இன்னொன்றும் இருக்கிறது. மீன்தொட்டித் தண்ணீரைச் செடிக்கு விட்டுத் திரும்ப எடுக்காத ஒருவழி அமைப்பையும் இந்தத் துறையில் அக்வாபோனிக்ஸ் என்றே சொல்கிறார்கள். அப்படியானால் சுழற்சி இல்லாமலும் இது நடக்கும், இது இல்லாமலும் சுழற்சி நடக்கும். பெயரை அதன்மேல் கட்ட முடியாது.

> மீன்பயிர்க் கூட்டு வளர்ப்பு

அழகான சொல். ஆனால் டெல்டாவில் இதைக் கேட்டால் நெல் வயலில் மீன் விடுவதுதான் நினைவுக்கு வரும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் ஒருங்கிணைந்த பண்ணையமும் அந்த வகைதான்: மீன் குட்டை, வரப்பில் காய்கறி, மேலே கோழிக் கூண்டு. கூட்டு என்ற சொல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறது. ஒன்றின் கழிவு மற்றதற்குச் சாப்பாடு என்பதைச் சொல்லவில்லை.

> மீனீர் வேளாண்மை

புணர்ச்சி சரிதான், வான் நதி வானதி ஆவதுபோல மீன் நீர் மீனீர். ஆனால் சட்டென்று படித்தால் 'மீன் ஈர்' என்று பிரியும். பிரித்து 'மீன்நீர்' என்று எழுதினாலோ, இயற்கை விவசாயம் செய்பவர்கள் வெல்லம் போட்டு ஊறவைக்கும் மீன் அமிலமா என்று கேட்பார்கள். மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிற வீடு எல்லாத் தெருவிலும் உண்டு. அதுவா என்றும் கேட்பார்கள்.

என் பரிந்துரை: மீன்பாசனம்.

ஆற்றுப் பாசனம், ஏரிப் பாசனம், கிணற்றுப் பாசனம் என்ற வரிசையில் முன்னால் நிற்கும் சொல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. மீன்பாசனம் என்றால் மீன் இருக்கும் இடத்திலிருந்து வருகிற தண்ணீர் பயிருக்குப் பாய்கிறது. காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மேல் வயலின் வடிகால் கீழ் வயலுக்குப் பாசன வாய்க்கால் ஆவது இங்கே தினசரிக் காட்சி. ஒருவர் கழித்த நீர் இன்னொருவருக்குப் பயன்படும் என்ற எண்ணமே புதிதில்லை.

சொல் மடங்கிக் கொடுக்கிறதா என்றும் பார்த்தேன். மீன்பாசன அமைப்பு, மீன்பாசனத் தோட்டம், மீன்பாசனக் கீரை எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. தண்ணீர் திரும்பினால் 'திரும்புநீர் மீன்பாசனம்', திரும்பாவிட்டால் 'ஒருவழி மீன்பாசனம்'. 'பாய்ச்சல்' வைத்துப் பார்த்தால் மீன்பாய்ச்சல், மீன் துள்ளிக் குதிப்பது போல ஆகிவிடுகிறது. இலக்கணம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நன்னூல்படி மீன்கண், மீற்கண் இரண்டும் சரி. அதனால் 'மீற்பாசனம்' என்று திருத்தி யாரும் மடல் போட வேண்டாம்!

பெயரைவிட உள்ளே வரும் சிறு சொற்கள்தான் தொடக்கக்காரரின் கையைச் சுடும் என்று நினைக்கிறேன். முக்கியமாக சைக்கிளிங், அதாவது மீன் விடுமுன் தொட்டியைத் தயார் செய்வது. இழையில் ஒருவர் 'சுழற்சி செய்தல்' என்று போட்டிருந்தார். அதைப் படிக்கிறவர் மோட்டாரைப் போட்டு இரண்டு நாள் தண்ணீரைச் சுற்றவிட்டு, சுழற்சி ஆகிவிட்டது என்று குஞ்சு விட்டுவிடுவார். எல்லாம் செத்து மிதக்கும். அங்கே சொல்லப்படுவது நைட்ரஜன் சுழற்சி. பாக்டீரியா குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரைட் ஏறியிருக்கும்போது மீன் விட்டால் அதன் ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். இரண்டும் சுழியத்துக்கு வந்து நைட்ரேட் காட்டினால்தான் தொட்டி தயார். இதற்கு தொட்டி பழக்குதல் என்று வைக்கலாம். புது மண்சட்டியைப் பழக்காமல் யாரும் குழம்பு வைப்பதில்லை. நாள் பிடிக்கும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

செடி நிற்கும் பகுதியான க்ரோ பெட் என்பதற்கு வளர்படுகை வேண்டாம். படுகை என்றால் இங்கே ஆற்றங்கரை நிலம், அதில் வாழையும் மூங்கிலும் நிற்கும். பாத்தி போதும்: ஜல்லிப்பாத்தி, மிதவைப்பாத்தி, குழாய்ப்பாத்தி. தண்ணீர் ஒரு மட்டத்துக்கு ஏறியதும் தானாகவே உறிஞ்சி வடித்துவிடும் பெல் சைஃபனுக்கு 'மணிமடை' என்று ஒரு ஆசை. யாராவது மறுத்தால் விட்டுவிடுகிறேன். சம்ப் சம்ப்பாகவே இருக்கட்டும், எல்லா வீட்டிலும் இருக்கிற சொல்.

ஜல்லி பற்றி ஒன்று. டெல்டாவில் கல் கிடையாது, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து லாரியில் வருவதுதான். கருங்கல்லாக இருந்தால் கவலையில்லை. சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ கலந்திருந்தால் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் இளம் இலை மஞ்சளாகும். ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் திருப்பி அனுப்புங்கள். பாக்டீரியா, செடி, மீன் மூன்றுக்கும் சமரசமாக, அமில-கார அளவான பிஎச் 6.8 முதல் 7 வரை இருந்தால் நல்லது.

கும்பகோணத்து நண்பர் கடைசியாகக் கேட்டது மீன். கட்லா, ரோகு குளத்து மீன்கள்; சின்னத் தொட்டியில் நெருக்கடி தாங்காது. ஜிலேபிக் கெண்டை (திலாப்பியா) தாங்கும், ஆனால் பண்ணை ஜிலேபி வளர்க்க அனுமதி வாங்க வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். மின்சாரம் போனால் காற்று மோட்டாரும் நிற்கும், 2018 கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. அந்தக் கணக்கில் பனையேறிக் கெண்டையும் விராலும் பிழைக்கும், மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை. விரால் மட்டும் தன்னைவிடச் சின்னதைத் தின்றுவிடும், ஒரே அளவுக் குஞ்சாகப் பார்த்து விடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது தடை செய்யப்பட்டது.

துண்டறிக்கை வரைவை இங்கே போடுங்கள், எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடலாம். மணிமடைக்கு மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து