அப்பாவின் காலும் செஃபலெக்சினும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
வயல் வேலையில் குதிவெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து, அப்பாவுக்குக் கணுக்கால் வரை சிவந்து வீங்கிவிட்டது. தொட்டால் அனல். டொக்டர் நீலப் பேனையால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். "கோட்டைத் தாண்டினால் உடனே வாங்க ஐயா, குளிசை முடியட்டும் என்று இருக்க வேண்டாம்." எழுதித் தந்த குளிசை செஃபலெக்சின் என்ற அன்டிபயோட்டிக், 500 மில்லிகிராம், ஆறு மணிக்கொரு தரம், 7 நாள். இது பென்சிலினுக்கு உறவான மருந்து, அதனால் எழுதுமுன் பென்சிலினுக்கு உடம்பு தடித்ததுண்டா என்று இரண்டு தரம் கேட்டார்.

மூன்றாம் நாள் சிவப்பு கோட்டிலிருந்து இரண்டு விரல் உள்வாங்கியது. அன்றோடு அப்பா குளிசையை நிறுத்திவிட்டார். மிச்சத்தைக் கடதாசியில் மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது, ஆறாம் நாள் கால் திரும்பச் சூடானபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாருக்கும் இருமல் வந்தால் உதவுமாம்! இருமல் பெரும்பாலும் வைரசால் வருவது. இந்த மருந்தோ பக்டீரியாவைத் தன்னைச் சுற்றிச் சுவர் கட்டவிடாமல் கொல்வது. வைரசுக்குச் சுவரே கிடையாது. மறுகா என்ன, திரும்பவும் கிளினிக், திரும்பவும் நீலக்கோடு.

காத்தான்குடியிலிருந்து:
எங்கள் உம்மாவுக்குச் சலத்தில் கிருமி, இதே குளிசைதான். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சலம் கொடுத்த பிறகே முதல் குளிசை போடச் சொன்னார்கள். மணிக்கூடு பார்க்கச் சொன்னால் மறந்துவிடுவா. சுபஹு, லுஹர், மஃரிப், பிறகு படுக்கப் போகுமுன் என்று பாங்கோடு சேர்த்துவிட்டோம், ஒன்றும் தவறவில்லை. இது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. கிட்னி பலவீனமென்றால் டொக்டரிடம் முதலே சொல்லிவிடுங்கள், அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

அக்கரைப்பற்றிலிருந்து:
மகனுக்குக் காதில் சீழ் வந்தபோது செஃபுரொக்சைம் பாணி. இதுவும் செஃபலெக்சினின் குடும்பம்தான், ஆனால் நாளுக்கு இரண்டே வேளை. கைப்பென்றால் அப்படியொரு கைப்பு! பசியில் குடித்துவிடுவான் என்று வெறும் வயிற்றில் கொடுத்தேன். பாமசித் தம்பிக்குத் தெரிந்து நல்ல ஏச்சு. சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சரியாக ஏறுமாம். பிறகு இரண்டு வாய் சோறு, ஒரு கரண்டி மருந்து, திரும்பச் சோறு.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
பாங்கு யோசனை நல்லது. எங்களுக்குக் காலையிலும் மாலையிலும் கோயில் மணி, பகலுக்குப் பள்ளிக்கூட மணி. இரவு பன்னிரண்டுக்கு மட்டும் மணி இல்லை, அம்மாதான்.