சோதனையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்ட வைத்த பணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கீழமாசி வீதியில் அப்பாவுக்கு மளிகை மொத்தக் கடை. 24 நாள் முன்பு ஜிஎஸ்டி சோதனைக்கு வந்தவர்கள் ராத்திரி ஒன்றரைக்குத்தான் கிளம்பினார்கள், அதுவும் டிஆர்சி-03 (தானாக முன்வந்து வரி கட்டும் படிவம்) வழியாக 4 லட்சம் கட்ட வைத்துவிட்டு. ‘தானாக முன்வந்து கட்டுகிறேன்’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல அப்பா எழுதினார். சாயங்காலச் சர்க்கரை மாத்திரைகூடப் போடவில்லை. கடைசி வரியில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சோதனையில் நடந்ததை எழுதிவைக்கும் மகஜரின் நகலும் தரவில்லை.

சோதனை நேரத்தில் கட்டாய வசூல் கூடாதென்று மத்திய மறைமுக வரி வாரியமே 2022 மே 25-ல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் சோதனை முறைகேடாக இருந்தாலும் சிக்கிய ஆவணம் சாட்சியமாக நிற்கும் என்று 1974-லேயே பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, ஆவணத்தை விடுங்கள். பணத்துக்கும் வாக்குமூலத்துக்கும் மட்டும் ஐகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் போடலாமா? அப்படிப் பணம் திரும்பி வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாக்குமூலத்தை மறுத்து 12-ஆம் நாள் பதிவுத் தபால் அனுப்பினோம், அது தாமதமாகிவிட்டதோ?

அப்புறம் அவசரமானது: கடை கேமரா பதிவு 30 நாளில் தானாக அழிந்துவிடும். மின்னணுச் சாட்சியத்துக்கான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு அதை எடுத்துத் தரும் ஆள் மதுரையில் இருந்தால் இன்றே சொல்லுங்கள், அண்ணாச்சி.